இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம்

இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் என்பது உழைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் தம் அன்றாட வேலையிடத்திலேயே கிறித்தவச் சீடத்துவத்தை வாழ வேண்டும் என்னும் நோக்குடன் தொடங்கப்பெற்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கம் ஆகும். பொதுநிலையினர் எனப்படுவோர் குருக்களோ துறவியரோ அல்லாத இறைமக்கள் ஆவர். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த குருவான யோசேப்பு கார்டைன் (1882–1967) இளந்தொழிலாளர் சிலருடன் இணைந்து இவ்வியக்கத்தை உருவாக்கினார். 1925ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் இதன் முதல் தேசிய மாநாடு நடைபெற்றது. 1957ஆம் ஆண்டு உரோமையில் இது அனைத்துலக அமைப்பாக நிறுவப்பட்டது.

"பார் – சீர்தூக்கு – செயலாற்று" என்னும் மூன்று படிகளைக் கொண்ட செயல்முறை இவ்வியக்கத்தின் வழியாகவே கத்தோலிக்கத் திருச்சபை எங்கும் பரவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரைப் பற்றி வகுத்த போதனையிலும் இவ்வியக்கத்தின் பட்டறிவு இடம் பெற்றுள்ளது.

பெயர்

இயக்கத்தின் பிரெஞ்சு மொழிப் பெயர் "ஜெனெஸ் உவ்ரியேர் கிரெத்தியேன்" என்பதாகும். இதன் முதலெழுத்துகளைக் கொண்டு "ஜே.ஓ.சி." என்றும், இதன் உறுப்பினர்கள் "ஜோசிஸ்டுகள்" என்றும் அழைக்கப்பட்டனர். பெல்ஜியத்தின் பிளெமிய மொழிப் பகுதியில் இது "கே.ஏ.ஜே." எனப்பட்டது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் "ஒய்.சி.டபிள்யூ." என்னும் சுருக்கப் பெயர் வழக்கில் உள்ளது. தொடக்கத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்ஜியம் ஐரோப்பியக் கண்டத்தின் முன்னணித் தொழில் நாடுகளுள் ஒன்றாக இருந்தது. நிலக்கரிச் சுரங்கம், இரும்பு, கண்ணாடி, நெசவு ஆகிய தொழில்களில் சிறுவர்களும் வேலை செய்தனர். 1889ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உழைப்பதற்கு அச்சட்டம் இடமளித்தது. 14 வயது வரையிலான கட்டாயக் கல்விக்கு 1914ஆம் ஆண்டில்தான் சட்டம் இயற்றப்பட்டது.

இக்காலத்தில் தொழிலாளர் பெருமளவில் திருச்சபையிலிருந்து விலகிச் சென்றனர். திருமுழுக்குப் பெற்று, முதல் நற்கருணை வாங்கி, பங்குப் பள்ளியில் படித்த சிறுவர்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்த சில மாதங்களிலேயே ஆலயத்திற்கு வருவதை நிறுத்தினர். வேலையிடத்தில் சமயப் பற்று ஏளனம் செய்யப்பட்டது. மறுபுறம், திருச்சபை முதலாளிகளின் பக்கம் நிற்கிறது என்னும் எண்ணமும் தொழிலாளரிடையே வலுவாக இருந்தது. 1891ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட "ரேரும் நோவாரும்" என்னும் சுற்றுமடல் நியாயமான ஊதியத்தையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தது. எனினும் அப்போதனை பங்குகளின் அன்றாட வாழ்வில் எளிதில் வேரூன்றவில்லை.

யோசேப்பு கார்டைன்

யோசேப்பு கார்டைன் 1882 நவம்பர் 13 அன்று பிரசெல்ஸ் நகரை அடுத்த ஸ்கார்பேக்கில் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தார். இவரது இளமைக்காலம் ஹாலே என்னும் ஊரில் கழிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இவரும் வேலைக்குச் செல்வார் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. இவர் குருவாக விரும்பியதால், பெற்றோர் தம் உழைப்பைக் கூட்டிக்கொண்டு இவரை இளங்குருமடத்திற்கு அனுப்பினர்.

விடுமுறையில் வீடு திரும்பியபோது, தொழிற்சாலைக்குச் சென்றுவிட்ட பள்ளித் தோழர்கள் தம்மை அந்நியராகவும் எதிரியாகவும் பார்த்ததைக் கார்டைன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். ஒரே வகுப்பில் ஒன்றாக இறைவேண்டல் செய்தவர்களைச் சில மாத வேலை பிரித்துவிட்டதே என்பது அவரது வாழ்நாள் கேள்வியாயிற்று. 1903ஆம் ஆண்டு அவருடைய தந்தை இறந்தபோது, தம் வாழ்வைத் தொழிலாளருக்கே அளிப்பதாக அவர் உறுதி பூண்டார்.

1906ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட கார்டைன், லூவன் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலும் அரசியல் அறிவியலும் பயின்றார். அங்கு அவருடைய பேராசிரியர் விக்டர் பிராண்ட்ஸ், நூற்கருத்துகளுக்கு முன் மக்களின் வாழ்நிலையை நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டும் என்னும் ஆய்வுமுறையைக் கற்பித்தார். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற கார்டைன், துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லட்டைச் சந்தித்துத் தொழிற்சங்கங்களின் செயல்பாட்டை அறிந்தார். பிரான்சில் மார்க் சாங்னியே நடத்திய "சியோன்" இயக்கத்தின் படிப்பு வட்டங்களும் அவரைக் கவர்ந்தன.

தோற்றமும் வளர்ச்சியும்

லாக்கன் பங்கு

1912ஆம் ஆண்டு கார்டைன் பிரசெல்ஸ் நகரின் லாக்கன் பகுதியில் உள்ள அன்னை மரியா பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டார். அரச மாளிகை அமைந்த இப்பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. கார்டைன் வீடு வீடாகச் சென்று குடும்பத்தினரின் வேலை, ஊதியம், வாடகை, பிள்ளைகளின் நிலை ஆகியவற்றைக் கேட்டறிந்தார்.

இயக்கத்தின் முதல் வித்து இளம்பெண்களிடையே இடப்பட்டது. கிறித்தவப் பெண் தொழிலாளர் சங்கங்களை அமைப்பதில் முன்னோடியாக விளங்கிய விக்துவார் காப், மதலேன் தெ ரூ ஆகியோரின் ஒத்துழைப்புடன் தையல் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்கான குழுக்கள் தொடங்கப்பட்டன. பின்னர் பெர்னான் தொனே என்னும் இளைஞரின் உதவியுடன் ஆண்களுக்கான குழுவும் அமைந்தது. இவை வழக்கமான பங்குச் சபைகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டன. விளையாட்டும் பொழுதுபோக்கும் தந்து இளைஞரைத் தீமையிலிருந்து காப்பதுடன் நின்றுவிடாமல், அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டிய வேலையிடத்தைப் பற்றியே இக்குழுக்கள் பேசின.

முதல் உலகப் போரின்போது செருமானிய ஆட்சியாளர்கள் கார்டைனை இருமுறை சிறையில் அடைத்தனர்.

ஒப்புதல்

1919ஆம் ஆண்டு பெர்னான் தொனே, பவுல் கார்சே, ஜாக் மேர்ட் ஆகிய மூவரும் கார்டைனுடன் சேர்ந்து "இளம் தொழிற்சங்கத்தார்" என்னும் அமைப்பைத் தொடங்கினர். 1924ஆம் ஆண்டில் இது இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் என்னும் பெயரை ஏற்றது.

புதிய இயக்கத்திற்குத் திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. எல்லா வகுப்பு இளைஞரையும் ஒன்றிணைக்கும் பெல்ஜியக் கத்தோலிக்க இளைஞர் கழகம் ஏற்கெனவே செயல்பட்டு வந்தது. தொழிலாளருக்கெனத் தனி இயக்கம் அமைப்பது வகுப்புப் பிரிவினையைத் திருச்சபைக்குள் கொண்டுவரும் எனப் பலர் அஞ்சினர். மெக்கலன் பேராயர் கர்தினால் மெர்சியேயும் தயக்கம் காட்டினார். பொதுவான கழகத்தில் படித்த, வசதி படைத்த இளைஞரே தலைமை ஏற்பர். அங்கே தொழிலாளி என்றும் கேட்பவனாகவே இருப்பான் என்பது கார்டைனின் வாதமாக இருந்தது.

1925 மார்ச்சில் கார்டைன் உரோமைக்குச் சென்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸைச் சந்தித்தார். திருத்தந்தை இயக்கத்தை முழுமனத்துடன் ஆதரித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் முதல் தேசிய மாநாடு கூடியது. 1931ஆம் ஆண்டு வெளியான "குவாத்ராஜேசிமோ ஆன்னோ" என்னும் சுற்றுமடலில், தொழிலாளரிடையே முதன்மையான திருத்தூதர்கள் தொழிலாளராகவே இருத்தல் வேண்டும் என அதே திருத்தந்தை எழுதினார். 1935ஆம் ஆண்டு பத்தாம் ஆண்டு நிறைவு விழாவுக்குப் பிரசெல்ஸ் நகரில் ஏறத்தாழ 1,00,000 பேர் திரண்டனர்.

அடிப்படைக் கருத்துகள்

கார்டைன் தம் போதனையை மூன்று உண்மைகளாகத் தொகுத்துக் கூறினார்.

1. நம்பிக்கையின் உண்மை: ஒவ்வோர் இளந்தொழிலாளியும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர். அவருக்கு இவ்வுலகிலேயே தொடங்கும் நித்திய அழைப்பு உண்டு.
2. வாழ்வின் உண்மை: குறைந்த ஊதியம், நீண்ட வேலை நேரம், பாதுகாப்பற்ற எந்திரங்கள், இழிவான பேச்சு ஆகியவை அவ்வழைப்புக்கு முரணாக உள்ளன.
3. செயல்முறையின் உண்மை: முதல் இரண்டு உண்மைகளுக்கிடையே உள்ள முரணைக் களைய, இளந்தொழிலாளர் தாமே ஒன்றுகூடிச் செயல்படும் அமைப்பு வேண்டும்.

இம்மூன்றில் இரண்டாவதை ஏற்று முதலாவதை விட்டுவிட்டால் இயக்கம் வெறும் தொழிற்சங்கமாகிவிடும். முதலாவதை ஏற்று இரண்டாவதைக் காண மறுத்தால் அது பக்திச் சபையாகிவிடும். இரண்டையும் ஒருசேரப் பிடித்திருப்பதே இவ்வியக்கத்தின் தனித்தன்மையாகக் கருதப்படுகிறது.

வேலையைப் பற்றிய பார்வையும் இதிலிருந்து பிறக்கிறது. வேலை என்பது ஞாயிறு திருப்பலிக்கு இடைப்பட்ட நாட்களைக் கடக்கும் சுமை எனக் கருதப்படவில்லை. வேலைமேசையும் எந்திரமும் தொழிலாளியின் பலிபீடம் என்னும் கருத்தைக் கார்டைன் வலியுறுத்தினார். உழைப்பின் பலனும் களைப்பும் நற்கருணைக் காணிக்கையுடன் இணைக்கப்பட வேண்டும். ஆனால் அநீதியான வேலைநிலையைப் பொறுமையுடன் ஒப்புக்கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பது இதன் பொருளன்று. காணிக்கையாகத் தகுதி பெறும் வண்ணம் வேலையின் நிலைமையை மாற்றுவதும் சீடரின் கடமையே ஆகும்.

செயல்முறை

மூன்று படிகள்

பார்: உறுப்பினர் தம் வேலையிடத்திலும் வீட்டிலும் தெருவிலும் நடப்பதை உற்று நோக்குகின்றனர். பொதுவான கருத்துகளைத் தவிர்த்து, யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் நிகழ்ந்தது என உண்மைச் செய்திகளைச் சேகரிக்கின்றனர்.

சீர்தூக்கு: கண்ட நிகழ்வை நற்செய்தியின் ஒளியிலும் திருச்சபையின் சமூகப் போதனையின் ஒளியிலும் ஆராய்கின்றனர். கடவுளின் திட்டத்தில் இது எவ்வாறு இருந்திருக்க வேண்டும் எனக் கேட்கின்றனர். இப்படி தனி மனிதரைக் குற்றவாளி எனத் தீர்ப்பிடுவதற்கானது அன்று.

செயலாற்று: தம்மால் இயலும் ஒரு செயலை முடிவு செய்து நிறைவேற்றுகின்றனர். செயல் சிறிதாயினும் திட்டவட்டமாக இருத்தல் வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதன் விளைவு ஆராயப்படும். அந்த ஆய்வே மீண்டும் முதல் படியாகிறது.

இப்படிகள் முன்மதி என்னும் நற்பண்பைப் பற்றிப் புனித தோமா அக்குவினா கூறிய ஆராய்தல், தீர்மானித்தல், செயல்படுத்துதல் ஆகிய நிலைகளுடன் ஒத்திருப்பதாக அறிஞர் சுட்டிக்காட்டுவர்.

குழுக் கூட்டம்

இயக்கத்தின் உயிர்நாடி பங்கிலோ வேலையிடத்திலோ கூடும் சிறு குழு ஆகும். கூட்டம் இறைவேண்டலுடன் தொடங்கும். நற்செய்திப் பகுதி ஒன்றைப் படித்துப் பகிர்ந்துகொள்வர். கடந்த வாரம் ஏற்ற செயல்களைப் பற்றி ஒவ்வொருவரும் கூறுவர். பின்னர் ஆய்வுக்குரிய பொருள் எடுத்துக்கொள்ளப்படும். உறுப்பினர் தம் வாழ்க்கை நிகழ்வு ஒன்றை முன்வைத்து அதில் கடவுளின் அழைப்பைத் தேடும் முறை "வாழ்க்கை மீளாய்வு" எனப்படும்.

கூட்டத்திற்குத் தலைமை ஏற்பவர் இளந்தொழிலாளரே ஆவார். குரு வழிகாட்டியாக உடனிருப்பார், முடிவுகளை எடுப்பதில்லை. இளைஞர் தவறிழைப்பர், அத்தவற்றிலிருந்து கற்பர் என்பதை ஏற்றுக்கொள்வதே வழிகாட்டிக் குருவுக்குரிய கடினமான பயிற்சியாகக் கருதப்பட்டது.

எடுத்துக்காட்டு

இச்செயல்முறையைப் பின்வரும் விளக்க எடுத்துக்காட்டால் அறியலாம். தையற்கூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த சிறுமிக்கு மூத்த பணியாளர் எவரும் வேலையைக் கற்றுத் தருவதில்லை. தவறு நேரும்போதெல்லாம் அவளுடைய கூலி பிடிக்கப்படுகிறது. குழு உறுப்பினரான பெண் இதனைக் கூட்டத்தில் கூறுகிறார். எத்தனை பேருக்கு இவ்வாறு நிகழ்கிறது, எவ்வளவு பிடிக்கப்படுகிறது, மூத்தோர் ஏன் கற்றுத் தருவதில்லை என முதலில் விசாரிக்கின்றனர். தாம் அமரும் இருக்கையைப் புதியவள் பறித்துக்கொள்வாள் என மூத்தோர் அஞ்சுவதும் தெரிய வருகிறது. நல்ல சமாரியர் உவமையைப் படிக்கும்போது, அச்சிறுமியைக் கடந்து சென்றவர்களுள் தாமும் ஒருவர் என அப்பெண் உணர்கிறார். உணவு இடைவேளையில் சிறுமிக்குத் தாமே கற்றுத் தருவது, மூத்தோர் இருவரிடம் பேசுவது, பிடித்தம் குறித்துச் சங்கத்திடம் முறையிடுவது என மூன்று செயல்கள் முடிவாகின்றன.

இங்கு இரக்கச் செயலும் நீதிச் செயலும் பிரிக்கப்படவில்லை என்பதும், மாற்றம் முதலில் காண்பவரிடமே தொடங்குகிறது என்பதும் குறிப்பிடத்தக்கன.

ஆய்வுகளும் பணிகளும்

ஆண்டுதோறும் ஒரு பொருளைத் தேர்ந்து நாடெங்கும் உள்ள குழுக்கள் ஆய்வு நடத்தின. பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் காலம், தொழிற்பயிற்சி, உடல்நலம், பாதுகாப்பு, ஓய்வு நேரம், திருமண ஆயத்தம் ஆகியவை அப்பொருள்களுள் சில. இவற்றின் அடிப்படையில் சேமிப்பு நிதி, நோயுற்றோர் உதவி, படைச்சேவைக்குச் சென்றோருடன் தொடர்பு போன்ற பணிகள் உருவாயின. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த இளைஞருக்கான பணிகளும் மேற்கொள்ளப்பட்டன.

பங்கும் இயக்கமும்

இயக்கம் லாக்கன் பங்கில் பிறந்தது. ஆயினும் பங்கிற்கும் இயக்கத்திற்கும் இடையிலான உறவு எளிதாக அமையவில்லை. பங்கு என்பது வாழிடத்தை அடிப்படையாகக் கொண்டது; தொழிலாளியின் நாளின் பெரும்பகுதியோ அவ்வெல்லைக்கு வெளியே கழிகிறது. பங்கின் சபைகளும் விழாக்களும் உறுப்பினரை ஆலயத்தை நோக்கி அழைக்கின்றன. இயக்கம் அவர்களை ஆலயத்திலிருந்து வேலையிடத்தை நோக்கி அனுப்புகிறது. நல்ல இளைஞர்களைப் பாடற்குழுவிலிருந்தும் மறைக்கல்விப் பணியிலிருந்தும் இயக்கம் பறித்துக்கொள்கிறது எனப் பங்குத்தந்தையர் சிலர் வருந்தினர்.

மறுபுறம், இயக்கத்தின் வழியாக நம்பிக்கையைக் கண்டடைந்த தொழிலாளர் பங்கில் அந்நியராக உணர்ந்தனர். பிரான்சில் இயக்கத்தின் வழிகாட்டிக் குருக்களாயிருந்த ஹென்றி கொதேன், இவான் தனியேல் ஆகியோர் 1943ஆம் ஆண்டு வெளியிட்ட "பிரான்சு, மறைபரப்பு நாடா?" என்னும் நூல் இச்சிக்கலை வெளிப்படையாகப் பேசியது. பங்கின் பேச்சும் பழக்கவழக்கமும் நடுத்தர வகுப்பினருக்கு உரியவையாக இருப்பதால், கிறித்துவை ஏற்கும் தொழிலாளி தன் மக்களின் பண்பாட்டையும் துறக்க வேண்டியிருக்கிறது என அவர்கள் வாதிட்டனர். பாரிசு பேராயர் கர்தினால் சுகார் இந்நூலால் பெரிதும் பாதிக்கப்பட்டு, "பாரிசு மறைப்பணி" என்னும் முயற்சியைத் தொடங்கினார். குருக்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்த "தொழிலாளர் குரு" முயற்சியும் இச்சூழலிலேயே வளர்ந்தது. 1954ஆம் ஆண்டு உரோமை இதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது; 1965ஆம் ஆண்டு மீண்டும் இசைவளித்தது.

கார்டைன் பங்கை ஒதுக்க விரும்பவில்லை. திருமுழுக்கு, திருப்பலி, ஒப்புரவு ஆகிய அருளடையாளங்கள் இன்றி வேலையிடத்தில் சீடராய் நிலைத்திருக்க இயலாது என அவர் கருதினார். வேலையிடத்தில் நிகழ்வது பங்கின் மன்றாட்டிலும் மறையுரையிலும் எதிரொலிக்காவிட்டால், பங்கு தன் மக்களையே அறியாததாகிவிடும் என்பது இயக்கத்தின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டு வாசகருக்கு அறிமுகமான அமைப்புகளுடன் ஒப்பிட்டால் இதன் தன்மை மேலும் தெளிவாகும். வின்சென்ட் தே பவுல் சபை வறியோருக்கு உதவுவதை முதன்மைப் பணியாகக் கொண்டது. மரியாயின் சேனை இறைவேண்டலையும் இல்லச் சந்திப்பையும் மையமாகக் கொண்டது. அன்பியம் ஒரே பகுதியில் வாழும் குடும்பங்களை நற்செய்திப் பகிர்வுக்காக ஒன்றுகூட்டுகிறது. இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கமோ ஒரே வகையான உழைப்பில் ஈடுபடும் இளைஞரை, அவ்வுழைப்பையே பொருளாகக் கொண்டு ஒன்றுகூட்டுகிறது.

இரண்டாம் உலகப் போர்

பெல்ஜியமும் பிரான்சும் நாசிச செருமனியின் பிடியில் இருந்தபோது இயக்கம் கடும் சோதனைக்கு உள்ளானது. 1942ஆம் ஆண்டு கார்டைன் கைது செய்யப்பட்டுச் சில மாதங்கள் பிரசெல்ஸ் நகரின் சேன்-ஜில் சிறையில் இருந்தார். இயக்கத்தைத் தொடங்கிய மூவருள் இருவரான பெர்னான் தொனேயும் பவுல் கார்சேயும் டாக்காவ் வதைமுகாமில் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயிரிழந்தனர்.

பிரான்சின் ரென் நகரைச் சேர்ந்த மார்செல் கல்லோ (1921–1945) அச்சகத் தொழிலாளி ஆவார். பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாய வேலைக்காகச் செருமனிக்கு அனுப்பப்பட்டபோது, 1943ஆம் ஆண்டு இவரும் சில்லா-மேலிஸ் என்னும் ஊரின் ஆயுதத் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கு மனந்தளர்ந்திருந்த உடன்தொழிலாளரை ஒன்றுசேர்த்து இறைவேண்டல், விளையாட்டு, நாடகம் ஆகியவற்றை நடத்தினார். பிரெஞ்சு மொழித் திருப்பலிக்கும் ஏற்பாடு செய்தார். 1944 ஏப்ரலில் காவல்துறை இவரைக் கைது செய்தது. அளவு கடந்த கத்தோலிக்கராக இருந்தார் என்பதே இவர் மீதான குற்றச்சாட்டு. 1945 மார்ச் 19 அன்று மௌட்ஹவுசன் வதைமுகாமில் இவர் இறந்தார். 1987 அக்டோபர் 4 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

உலகப் பரவல்

1927ஆம் ஆண்டு குரு ஜார்ஜ் கெரேன் பாரிசை அடுத்த கிளிஷியில் பிரெஞ்சு இயக்கத்தைத் தொடங்கினார். 1930களில் கனடாவிலும் இங்கிலாந்திலும் கிளைகள் தோன்றின. பின்னர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய கண்டங்களுக்கும் இயக்கம் பரவியது. இந்தியாவிலும் இலங்கையிலும் இதன் குழுக்கள் உருவாயின. கார்டைன் இறுதிக்காலம் வரை பல நாடுகளுக்குப் பயணம் செய்தார்.

1957 ஆகத்தில் உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 32,000 இளந்தொழிலாளர் உரோமையில் கூடினர். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித பேதுரு சதுக்கத்தில் அவர்களிடம் உரையாற்றினார். அப்போது அனைத்துலக அமைப்பு முறைப்படி நிறுவப்பட்டது.

இதே மாதிரியைப் பின்பற்றி மாணவர், உழவர் முதலியோருக்கான தனி இயக்கங்களும் தோன்றின. ஒத்த வாழ்நிலையினரிடையே ஒத்த வாழ்நிலையினரே பணியாற்றுதல் என்னும் இந்நெறி "சிறப்புநிலைக் கத்தோலிக்கச் செயற்பாடு" எனப்பட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் தாக்கம்

ரேரும் நோவாரும் மடலின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் புதிய சுற்றுமடல் ஒன்றை வெளியிடுமாறு திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானிடம் கார்டைன் வேண்டினார். 1961ஆம் ஆண்டு வெளியான "மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா" என்னும் அம்மடல், சமூகப் போதனையை நடைமுறைப்படுத்தும் வழியாக மூன்று படிகளையும் வெளிப்படையாகப் பரிந்துரைத்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) "திருச்சபை" என்னும் ஏடு, உலகக் காரியங்களில் ஈடுபட்டு அவற்றைக் கடவுளின் திட்டப்படி அமைப்பதே பொதுநிலையினருக்குரிய அழைப்பு எனக் கூறியது. "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏடு, அறிக்கையிடும் நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவை இக்காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக எண்ணியது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஆணை ஏடு, நம்பிக்கையின் ஒளியில் பார்த்து, சீர்தூக்கி, செயலாற்றக் கற்பிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்து இயக்கத்திலிருந்து வந்த பேட்ரிக் கீகன் என்னும் தொழிலாளர் தலைவர் 1964 அக்டோபரில் சங்கத் தந்தையர் முன் உரையாற்றினார்.

1965 பெப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல், கார்டைனைக் கர்தினாலாக உயர்த்தினார். சங்கத்தின் இறுதி அமர்வில் கார்டைன் பங்கேற்றார். 1967 சூலை 24 அன்று லூவனில் காலமான அவருடைய உடல், அவர் பணியைத் தொடங்கிய லாக்கன் பங்கு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவருக்கு அருளாளர் பட்டம் அளிப்பதற்கான பணி 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

விமர்சனங்களும் பிளவும்

இயக்கம் இரு திசைகளிலிருந்தும் விமர்சிக்கப்பட்டது. சமூக அமைப்பை மாற்றாமல் தொழிலாளரைச் சமயத்திற்குள் திரும்ப இழுக்கும் முயற்சி இது எனப் பொதுவுடைமையாளர் கருதினர். வகுப்புப் போராட்டக் கருத்துகளுக்கு இடமளிக்கிறது எனத் திருச்சபையில் சிலர் குறைகூறினர்.

1960களுக்குப் பின் இக்கேள்வி இயக்கத்தினுள்ளேயே கூர்மையடைந்தது. பல நாடுகளில் உறுப்பினர் வேறு சமயத்தவராகவோ சமயப் பற்றற்றவராகவோ இருந்தனர். அவர்களின் விடுதலைக்கான செயற்பாட்டை முதன்மைப்படுத்துவதா, நற்செய்தி அறிவிப்பையும் திருச்சபையுடனான உறவையும் முதன்மைப்படுத்துவதா என்பதில் ஒத்த கருத்து ஏற்படவில்லை. 1986ஆம் ஆண்டு சில தேசிய இயக்கங்கள் பிரிந்து "இளம் கிறித்தவத் தொழிலாளர் அனைத்துலக ஒருங்கிணைப்பு" என்னும் அமைப்பை உருவாக்கின. வத்திக்கான் இப்புதிய அமைப்பை ஏற்றுக்கொண்டது. இதன் அலுவலகம் உரோமையிலும் பழைய அமைப்பின் அலுவலகம் பிரசெல்ஸ் நகரிலும் இயங்கி வந்துள்ளன.

செயல்முறையைப் பற்றியும் குறைகள் கூறப்படுகின்றன. இரண்டாம் படி விரைந்து கடக்கப்பட்டால், முன்னரே முடிவு செய்த செயலுக்கு நற்செய்தி மேற்கோள் சேர்ப்பதாக அது சுருங்கிவிடும். முதல் படியில் நோக்குபவரின் சார்புநிலை கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பதும் ஒரு குறையாகும்.

இன்றைய நிலை

ஐரோப்பாவில் சுரங்கங்களும் பெருந்தொழிற்சாலைகளும் குறைந்தபின் இயக்கத்தின் உறுப்பினர் தொகையும் பெரிதும் குறைந்தது. ஒரே கூரையின்கீழ் ஆயிரம் பேர் உழைத்த காலத்தில் உருவான இயக்கம், தற்காலிகப் பணியாளர், வீட்டு வேலை செய்வோர், புலம்பெயர்ந்த தொழிலாளர், வேலையற்ற இளைஞர் ஆகியோரிடையே பணியாற்ற வேண்டியுள்ளது. இவர்களுள் பலருக்கு நிலையான வேலையிடமே இல்லாததால், குழுவாகக் கூடுவதே முதல் சவாலாக உள்ளது.

இயக்கம் சுருங்கிய நிலையிலும் அதன் செயல்முறை பரந்து வழங்குகிறது. 1968ஆம் ஆண்டு மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர் பேரவை இம்முறையைப் பின்பற்றியது. 2007ஆம் ஆண்டு பிரேசிலின் அப்பரேசிடாவில் கூடிய பேரவை இதனை வெளிப்படையாக மீண்டும் ஏற்றது. பின்னாளில் திருத்தந்தை பிரான்சிசாகிய கர்தினால் பெர்கோலியோ அப்பேரவை ஏட்டின் தொகுப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். 2015ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலின் அமைப்பிலும் இம்மூன்று படிகளைக் காணலாம்.

இவற்றையும் பார்க்க

- இரண்டாம் வத்திக்கான் சங்கம்
- ரேரும் நோவாரும்
- கத்தோலிக்க சமூகப் போதனை
- மார்செல் கல்லோ
- அன்பியம்
- விடுதலை இறையியல்